ஏணி இறக்கி வெச்ச கப்பல்

– மறுபடியும் முதல்ல இருந்து சொல்ல வைக்காதீங்க மச்சான். நான் அந்தக் கப்பல்ல ஏறல.

– மாப்ள, நான் சொல்றதக் கேளு. முதல்ல அந்த நாற்காலியில உக்காரு. காலையில இருந்து ஜன்னல்கிட்டயே நிக்கிற. நீ முறைச்சா கப்பல் முழுகிடப் போகுதா?

– முறைக்கல. எண்ணிக்கிட்டிருந்தேன். மேல்தட்டுல மட்டும் பதினாறு ஆன்டெனா. கடல் ஆராய்ச்சியாம். மீனோட பேசப் போறாங்களா?

– யாரோட வேணும்னாலும் பேசட்டும். நாலு பத்துக்கு ஏத்தம். இப்ப மணி ரெண்டே முக்கால். தண்ணி ஏறி நிக்கிற அந்த நேரத்தை விட்டா நாளைக்குத்தான். அதுவரைக்கும் அது வெளியவே நின்னா, நாம நிக்க வெச்சோம்னு ஆயிடும். நீ படகுல போயி, அவங்க ஏணியில ஏறி, ஒரு மணி நேரம் பக்கத்துல நின்னு இடது வலது சொல்லி, உள்ள கொண்டுவந்து கட்டிட்டு வீட்டுக்குப் போயிடு. இருபத்தாறு வருஷமா பைலட் வேலை பாக்கற. புதுசா என்ன வந்துச்சு?

– இருபத்தாறு வருஷமும் ஒரு கடுதாசி வரும் மச்சான். இன்ன நாட்டுக் கப்பலை உள்ள விடலாம்னு, நம்ம அமைச்சகம் முத்திரை குத்தின கடுதாசி. நீங்க ஹார்பர் மாஸ்டர். உங்க கைக்கு வந்துதான் எனக்கு வரும். அது எங்க?

– அவங்க தூதரகம் அனுப்பினது இருக்கு பாரு. நல்ல தாளு. 'நட்பு வருகை'ன்னு போட்டிருக்கு.

– அது விருந்தாளி எழுதினது. வீட்டுக்காரன் எழுதினது எங்கன்னு கேக்கறேன்.

– வீட்டுக்காரன் போன்ல சொன்னான்.

– யாரு?

– மந்திரியோட செயலாளர். மூணு தடவை பேசினார். 'பாத்து முடிச்சுடுங்க'ன்னார். எழுத்துல தாங்க சார்னேன். லைன் சரியில்ல, கேக்கலன்னு வெச்சுட்டார்.

– மூணு தடவையும் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் லைன் போயிடுச்சாக்கும்.

– ஆமா. அதிசயமான லைன்.

– சரி, அப்புறம்? வேற பைலட்டை அனுப்புங்க.

– வேற யாரு இருக்கா? மூத்தவர் ஓய்வு வாங்கி எட்டு மாசமாச்சு. இன்னொருத்தன் காலை ஒடிச்சுக்கிட்டு மாவுக்கட்டோட கெடக்கறான். நம்ம சட்டத்துல பைலட் ஏறாம எந்தக் கப்பலும் உள்ள வரக்கூடாது. அந்தச் சட்டத்தையே நீ கெட்டியாப் புடிச்சுக்கிட்டு என் கழுத்தை அறுக்கற.

– நம்ம கொடியை ஏத்தியிருக்காங்களா? வர்ற துறைமுகத்துக் கொடியைக் கம்பத்துல ஏத்தணும். எந்த நாட்டுக் கப்பலா இருந்தாலும் அதான் மரியாதை.

– கொடி கைவசம் இல்லையாம். பைலட் வரும்போது ஒண்ணு குடுத்தனுப்பச் சொன்னாங்க.

– அதையும் நானே தூக்கிட்டுப் போகணுமா?

– டிராயர்ல மடிச்சு வெச்சிருக்கேன். கொஞ்சம் சாயம் போயிருக்கும். தூரத்துல இருந்து பாத்தா தெரியாது.

– மச்சான், உங்களுக்குச் சிரிப்பு வரலையா?

– எனக்குத் தலை சுத்துது. மதியம் போட வேண்டிய பிரஷர் மாத்திரையை இன்னும் போடல. நீ உக்காருன்னா உக்கார மாட்டேங்கற.

– இந்த நாற்காலிக்கு அடியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, பாத்திருக்கீங்களா? 'அன்பளிப்பு'ன்னு அவங்க பாஷையில. மேசையில, ஃபேன்ல, வெளிய நிக்கிற கிரேன்ல, எல்லாத்துலயும் இருக்கு. அதான் நின்னுக்கிட்டிருக்கேன்.

– வெள்ளம் வந்தப்ப மாவும் மருந்தும் யாரு கொண்டுவந்தா? நம்ம ஆளுங்க கூட்டம் போட்டுப் பேசி முடிக்கறதுக்குள்ள அவங்க ஹெலிகாப்டர் வந்து நின்னுச்சு. அதையும் சொல்லணும்ல?

– அதையும் சொல்றேன். டீசலையும் சொல்லுங்க.

– அதைத்தான் நான் சொல்ல வர்றேன். போன தடவை இதே மாதிரி ஒரு கப்பலுக்கு 'யோசிச்சுச் சொல்றோம்'னு ஒரே ஒரு வார்த்தை சொன்னோம். என்ன ஆச்சு? எல்லையில ரோடு ரிப்பேர்னு டீசல் லாரி பூராவையும் நிறுத்திட்டாங்க. பத்தொம்பது நாள். ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு நம்ம படகு டாங்க்ல இருந்து வாளியில மொண்டு அனுப்பினோமே, மறந்துட்டியா? இருபதாம் நாள் நம்ம மந்திரி போயி கையைக் குலுக்கிட்டு வந்தார். அன்னைக்குச் சாயங்காலமே ரோடு சரியாயிடுச்சு.

– பத்தொம்பது நாளும் சைக்கிள்ல வந்தவன் நான். முட்டி இன்னும் வலிக்குது. மறப்பேனா?

– பின்ன என்னடா உனக்கு?

– கோபுரம் பேசுறேன். சார், கேக்குதா?

– கேக்குது அக்கா. கன்ட்ரோல் கோபுரத்து வயர்லெஸ் நல்லாத்தான் இருக்கு. சொல்லுங்க.

– கப்பல்ல இருந்து அஞ்சாவது தடவையாக் கேட்டுட்டாங்க. பைலட் எப்ப வர்றார்னு. ஏணியை இறக்கி வெச்சு ஏழு மணி நேரமாச்சாம்.

– படகு ரிப்பேர்னு சொல்லுங்க.

– அதைத்தான் காலையில சொன்னேன். அதுக்குள்ள நம்ம படகு அவங்க மூக்குக்கு முன்னாடியே போயி ஒரு மீன்பிடிப் படகைக் கட்டி இழுத்துட்டு வந்துச்சு. பொய் சொல்றதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும் சார்.

– அப்ப பைலட்டுக்கு வயித்துவலின்னு சொல்லுங்க.

– சொல்றேன். தம்பி, வயித்துவலியோட ஜன்னல்ல நின்னுக்கிட்டு இருக்காதீங்க. அவங்ககிட்ட பெரிய தூரக்கண்ணாடி இருக்கு.

– கேட்டியா மாப்ள? அந்தக்கா கிண்டல் பண்ற அளவுக்கு வந்துடுச்சு நம்ம பொழப்பு. சரி, ஒண்ணு பண்றேன். நானே எழுதித் தர்றேன். 'உள்ள விடலாம்.' கீழ என் கையெழுத்து, என் முத்திரை. போதுமா?

– நீங்க நாடா மச்சான்?

– பின்ன யாரு நாடு? சொல்லு. மந்திரி போனுக்கே வரல. செயலாளருக்குக் காது கேக்கல. இந்த நேரத்துல நாடுன்னு இருக்கறது இந்த ரூம்ல நாம ரெண்டு பேரும்தான். அதுல ஒருத்தனுக்கு பிரஷர், ஒருத்தனுக்கு முட்டிவலி.

– எனக்கு அந்த ஆளுங்க மேல கோவம் இல்ல மச்சான். அவங்க நாட்டு ஆஸ்பத்திரியில கெடக்கற என் பொண்டாட்டிக்கு முதல் ஆபரேஷன்ல ரத்தம் குடுத்தவன் அந்த ஊர்க்காரன்தான். பேர்கூடச் சொல்லாமப் போயிட்டான். நான் என்ன கேக்கறேன்? கேட்டுட்டு வாங்கங்கறேன். வாசல்ல நின்னு 'உள்ள வரலாமா'ன்னு ஒரு வார்த்தை. அவங்க கேட்டா நம்மாளு மாட்டேன்னா சொல்லப் போறான்? வாங்க வாங்கன்னுதான் சொல்லுவான். ஆனா அவங்க கேக்க மாட்டேங்கறாங்க. நம்மாளு சரின்னும் சொல்ல மாட்டேங்கறான், வேண்டாம்னும் சொல்ல மாட்டேங்கறான். நடுவுல நான் மட்டும் ஏணியில தொங்கணும்.

– அந்தத் தண்ணி பாட்டிலை இப்படித் தள்ளு.

– என்ன மச்சான்? மாத்திரையைப் போடுங்க. முகமெல்லாம் வேர்த்திருக்கு.

– மாப்ள, நேத்து தூதரகத்துல இருந்து ஒருத்தர் வந்தார். இதே நாற்காலியிலதான் உக்காந்தார். 'உங்க தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு'ன்னு கேட்டார்.

– நீங்க அவகிட்ட போன்ல பேசும்போது பக்கத்துல இருந்தாரா?

– இல்ல. அவளைப் பத்தி அவர்கிட்ட நான் மூச்சுகூட விட்டதில்ல. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. வியாழக்கிழமை ரெண்டாவது ஆபரேஷன்னு தெரிஞ்சிருக்கு. விசா புதன்கிழமையோட முடியுதுன்னு தெரிஞ்சிருக்கு. நீட்டிக்கச் சொல்லி நாம மனு குடுத்து மூணு வாரமாச்சுன்னும் தெரிஞ்சிருக்கு.

– மிரட்டினாரா?

– அக்கறையாத்தான் கேட்டார். 'அதெல்லாம் சின்ன விஷயம், நாளைக்கு இந்த வேலை முடிஞ்சதும் பாத்துக்கலாம்'னு என் தோள்ல தட்டினார்.

– எந்த வேலைன்னு சொன்னாரா?

– அவங்க எதை நேரா சொல்லியிருக்காங்க?

– இதை ஏன் காலையிலயே சொல்லல?

– சொல்லியிருந்தா நீ அவளுக்காக ஏறியிருப்ப. அது வேண்டாம்னு பாத்தேன். சட்டத்துக்குன்னு, சம்பளத்துக்குன்னு, இல்ல என் தொல்லை தாங்காமன்னு, எதுக்காவது நீ ஏறிட்டீன்னா அவ இதுல வராமப் போயிடுவா. அதுக்குத்தான் காலையில இருந்து நாயா குரைச்சேன். திட்டணும்னா திட்டு மாப்ள.

– காலையில போன் பண்ணியிருந்தா. பக்கத்துப் படுக்கைக்காரம்மா தன்னோட தலகாணியைக் குடுத்துச்சாம். இவளுக்கு முதுகுக்கு வெச்சுக்க. பாஷை தெரியாது, ரெண்டு பேரும் கையாலயே பேசிப் பேசிச் சிரிக்கறாங்களாம். தையல் பிரிஞ்சுடும்னு நர்ஸ் வந்து அதட்டுதாம்.

– அவ சின்ன வயசுலயே அப்படித்தான். சிரிச்சா நிறுத்த மாட்டா.

– லைஃப் ஜாக்கெட் எங்க மச்சான்?

– மாப்ள...

– மணி மூணரை ஆகப் போகுது. ஏத்தம் காத்துக்கிட்டிருக்காது. ஆணியில மாட்டியிருந்தேன், காணோம்.

– நான்தான் எடுத்து அலமாரியில வெச்சேன். ஏன் வெச்சேன்னு தெரியல. இந்தா. அந்தக் கடுதாசியை நான் எழுதிடறேன். ஒரு பாதுகாப்புக்கு.

– வேண்டாம். கவுந்தா ஒரு ஆளோட போகட்டும். இந்தக் கொக்கியைக் கொஞ்சம் மாட்டி விடுங்க. எனக்கு எட்டல.

– இரு... ம், மாட்டிக்கிச்சு. கொடி?

– குடுங்க. அதை மட்டும் ஏன் விடணும்.

– கோபுரம் பேசுறேன். சார், பைலட் தம்பி எங்க இருக்கார்?

– இங்கதான் இருக்கார் அக்கா. இதோ கிளம்பிட்டார். அவங்களுக்குச் சொல்லிடுங்க, இருபது நிமிஷத்துல...

– சொல்ல வேண்டியதில்ல சார். கப்பல் நங்கூரத்தைத் தூக்கிடுச்சு.

– என்னது? பைலட் இன்னும் ஏறலயே!

– ஏணியையும் சுருட்டிட்டாங்க. உள்ளதான் வருது.

– நிக்கச் சொல்லுங்க! மணல் திட்டுல முட்டிடும்னு சொல்லுங்க!

– நாலு தடவை சொல்லிட்டேன். 'நன்றி'ன்னாங்க. அதுக்கு மேல பதில் இல்ல.

– மச்சான், தள்ளுங்க, ஜன்னலை விடுங்க. அக்கா, நான் பேசுறேன். எங்க இருக்கு இப்ப?

– முதல் மிதவையைத் தாண்டிடுச்சு தம்பி.

– ரெண்டாவது மிதவைக்கு அப்புறம் வலது பக்கம் பூரா மணல். போன மழையில திட்டு நகர்ந்து வழி மேலயே வந்திருக்கு. எந்த வரைபடத்துலயும் கெடயாது. நேராப் போனா அடி தட்டிடும். வேகத்தைக் குறைக்குதா?

– குறைக்குது.

– மிதவைக்கு முன்னாடியேவா?

– முன்னாடியே. இப்ப இடது பக்கம் ஒடிக்குது... தம்பி, எப்படிச் சொல்றது... நீங்க திருப்புவீங்களே, அப்படியே திரும்புது. பாதி திருப்பிட்டு ஒரு மூச்சு நிறுத்தி, அப்புறம் மீதி. நீங்கதான் மேல நிக்கறீங்களோன்னு இருக்கு.

– மாப்ள, அவங்களுக்கு எப்படித் தெரியும்?

– மழை விட்டதும் பயிற்சின்னு அந்த நாட்டுல இருந்து ரெண்டு பேரை அனுப்பி வெச்சாங்களே. ஆறு வாரம் என் பக்கத்துலயே நின்னாங்க, நோட்டும் கையுமா. நல்ல ஆளுங்க. சார் சார்னு மரியாதையா இருந்தாங்க. அவங்க கேக்காததையும் சொல்லிக் குடுத்தேன் மச்சான்.

– அப்ப வழி தெரியும். ஏத்தத்தையும் பாத்துக்கத் தெரியும். பின்ன எதுக்குக் காலையில இருந்து ஏணியைத் தொங்க விட்டுக்கிட்டு நின்னாங்க?

– நாமளா வந்து கூட்டிட்டுப் போறோமான்னு பாக்கறதுக்கு.

– கோபுரம் பேசுறேன். சார், பதிவேட்டுல எழுதணும். கப்பல் மூணு நாப்பதுக்கு நுழைஞ்சுது. பைலட் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. அதைக் காலியா விட்டா நீங்க மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பணும். என்ன எழுதட்டும்?

– உள்ளதை எழுதுங்க அக்கா.

– மச்சான்.

– 'அனுமதி இல்லாம, பைலட் இல்லாம உள்ள வந்துச்சு'ன்னு எழுதுங்க. மணியைப் போடுங்க. கீழ நான் வந்து கையெழுத்துப் போடறேன்.

– மச்சான், அவசரப்படாதீங்க.

– முப்பத்தொரு வருஷமா அவசரப்படாமத்தானே இருந்தேன்? எழுத்துல கேட்டா லைன் சரியில்லைங்கறாங்கல்ல. எழுத்துலயே அனுப்பறேன். காகிதத்துக்கிட்ட காது கேக்கலன்னு சொல்லட்டும் பாக்கலாம். இது நம்ம துறைமுகம் மாப்ள. காலையில இருந்து நீதானே சொல்லிக்கிட்டிருந்த? நான்தான் கழுதையாட்டம் கேக்காம இருந்தேன்.

– இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை.

– தெரியும்.

– நீங்க எழுதற அறிக்கை மந்திரி மேசைக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க மேசைக்குப் போயிடும்.

– அவ எனக்குத் தங்கச்சி. எனக்குத் தெரியாதா? அவளையே கேட்டாலும் அண்ணே எழுதுன்னுதான் சொல்லுவா.

– சொல்லுவா. அதனாலதான் அவளைக் கேக்கல.

– சார், உங்க ரெண்டு பேர் பேச்சும் வயர்லெஸ்ல எனக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு. பட்டனை அமுக்கியே வெச்சிருக்கீங்க. எனக்கு ஒரே வார்த்தை சொல்லுங்க. பேனாவை எடுத்துட்டேன்.

– சொன்னேனே அக்கா, உள்ளதை...

– அக்கா, என் பேரைப் போடுங்க. நான்தான் உள்ள கூட்டிட்டு வந்தேன்.