கடைசியாகப் போட்ட கோர்ஸ்

ஜெராம் ஊரின் செம்பனை எண்ணெய்த் தோட்டங்களைத் தாண்டியதும், பஸ்ஸில் என் முன்சீட்டில் செக்யூரிட்டி உடுப்போடு இருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

“என் மக யூனிவர்சிட்டியில செம்பனை மரத்தப் பத்திப் படிக்கப் போவுது.”

“டாக்டர் படிப்புக்குத்தானே மனு போட்டிச்சி?”

“அது எங்கலா கெடைச்சிச்சு! கடைசியா போட்ட தோட்ட நிர்வாகந்தான் கெடைச்சிருக்கு.”

“அத ஏன் போட்டிச்சி?”

“நான்தான் போடச் சொன்னேன். பாரத்துல கடைசி எடத்த ஏன் காலியா விடணும், நமக்குத் தெரிஞ்ச தொழில்தானேன்னு. புள்ள தோட்ட வேலைக்குப் போகக்கூடாதுன்னுதான் நான் தோட்டத்து லயத்து வீட்ட விட்டே வெளியானேன்.”

“ரொம்ப அழுதுச்சா?”

“அழுதிருந்தாக்கூடப் பரவால்ல. நேத்து எனக்குச் சோறு போட்டுக்கிட்டே கேக்குது, ‘குலை வெட்டுற கத்திய எப்படிப்பா புடிக்கணும்?’னு.”