டிரெசருக்குப் பிடிக்காத நர்ஸ்

டிரெசர்: ...இந்த உடம்பை வச்சுக்கிட்டு நோயாளியைத் தூக்கப் போறாங்களாம். முதல்ல இவங்களை யாரு தூக்கறது?

சீதாலெட்சுமி: நான் நர்ஸ் வேலைக்கு வந்திருக்கேன். மூட்டை தூக்கவா கூப்பிட்டீங்க?

கிராணி: யோவ் பக்கிரிசாமி, சும்மா இரு. நீ மருந்து கலக்குற டிரெசரு. இந்தத் தோட்டத்துல ஆளு வைக்கறது பெரிய கிராணி, நான்.

டிரெசர்: நீங்கதான் அய்யா. இந்த ஆஸ்பத்திரியில கிடந்து சாகறது மட்டுந்தான் நான்.

கிராணி: நீ சொல்லும்மா.

சீதாலெட்சுமி: பேரு சீதாலெட்சுமி. கோலாலம்பூருல நர்ஸ் படிப்பு முடிச்சு இப்பத்தான்...

டிரெசர்: இப்பத்தான்! சர்டிபிகேட்டுல மை கூட காயலை.

சீதாலெட்சுமி: அது காயலைன்னா பரவால்ல. உங்க தட்டுல இருக்கற ஊசி தண்ணியைப் பார்த்தே வருஷமாச்சு போல.

கிராணி: ஹா! நல்லாக் கேட்டே. ஆனா இது கேரித் தீவும்மா. சம்பான் படகுல வந்தியே, பார்த்தல்ல? கடை கிடையாது, படக்கொட்டகை கிடையாது...

சீதாலெட்சுமி: தெரியும் அய்யா. இந்த வேலை கிடைக்கலேன்னா என்னைத் தைப்பிங்குக்கு அனுப்பிடுவாங்க. அவ்வளவு தூரத்துல எனக்கு யாருமே இல்லை.

டிரெசர்: தைப்பிங் நல்ல ஊருலா. தினம் மழை. போய் நனையட்டும்.

கிராணி: வாயை மூடுய்யா! இங்க பொம்பளைங்க பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேங்கறாங்கம்மா. போன மாசம் லயத்து வீட்டுலயே ரெண்டு உசிரு போச்சு. துரை என்னைப் புடிச்சுக் கத்துறாரு.

டிரெசர்: ஏன், நான் இல்ல? என்கிட்ட வரட்டும்.

சீதாலெட்சுமி: இதுவரைக்கும் எத்தனை பொம்பளைங்க உங்ககிட்ட வந்து காட்டியிருக்காங்க?

டிரெசர்: நாக்கைக் காட்டியிருக்காங்க...

கிராணி: அதுவும் இவன் முதுகுக்குப் பின்னாலதாம்மா! சரி, ஒண்ணே ஒண்ணு. கல்யாணம் ஆனவங்களை வைக்கக் கூடாதுன்னு துரை கண்டிப்பா சொல்லியிருக்காரு. புருஷன் பின்னாலயே ஓடிடுவாங்களாம். உனக்கு...?

சீதாலெட்சுமி: வந்து...

டிரெசர்: இந்த வாயை எவன் கட்டிக்குவான்?

சீதாலெட்சுமி: கேட்டீங்களா அய்யா? அவரே சொல்லிட்டாரு.

கிராணி: ம்... பக்கிரிசாமி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நீ என்ன சொல்றே?

டிரெசர்: வேணாங்க அய்யா. சாமி சத்தியமா வேணாம். காஜாங்குல இருந்து வேலை கேட்டு வந்த அந்த இராஜம்மாவை எடுங்க. அடக்கமான பொண்ணு.

கிராணி: நீ அடக்கமானவன்னு சொன்ன சமையல்காரன் அரிசி மூட்டையோட ஓடினான். நீ வேணாம்னு சொன்ன ஆயாதான் இன்னைக்கும் இருக்கா. சீதாலெட்சுமி, நாளைக்கே வேலைக்கு வந்துரு!

டிரெசர்: அய்யா! தங்க எடமில்லையே! இருக்கறது ஒரே கோட்டர்ஸ், அதுலயும் நான்...

கிராணி: வீடு அந்தப் பொண்ணுக்கு. நீ மருந்து ஸ்டோருல படு.

டிரெசர்: ஸ்டோருலயா? அங்க எலி ஓடுதே அய்யா!

கிராணி: அதுக்கும் நீயே மருந்து குடு. வரேம்மா.

சீதாலெட்சுமி: ரொம்ப புண்ணியம் அய்யா...

டிரெசர்: போயிட்டாரா?

சீதாலெட்சுமி: ரப்பர் காட்டுக்குள்ள போயிட்டாரு. என்னமோ ஜெயிச்ச மாதிரி கையை வீசிக்கிட்டுப் போறாரு.

டிரெசர்: நான் வேணாம்னா அந்த ஆளு வேணும்பாருன்னு சொன்னேன்ல?

சீதாலெட்சுமி: சொன்னீங்க. இப்படி வாய் கூசாம திட்டுவீங்கன்னு சொல்லலையே.

டிரெசர்: கோவமா சீதா?

சீதாலெட்சுமி: கோவந்தான்... கிள்ளான் கோயில்ல யாருக்கும் தெரியாம தாலியைக் கட்டிட்டு, ஆளுக்கொரு ஊருல கிடந்து, இன்னைக்குத்தாங்க எனக்கு உசிரே வந்திருக்கு! போங்க, ஸ்டோருல போய்ப் படுக்கற மாதிரி படுங்க. லயத்துல விளக்கு அணைஞ்சதும் வாங்க, பின்கதவைச் சாத்த மாட்டேன்.