ரீகாவில் பாதி, ஸ்காபரோவில் பாதி

அவையை ஆளும் அன்புத் தலைவர் இரத்தினவேலர் அவர்களே! அகவையாலும் அறிவாலும் மூத்த ஆன்றோரே! அடுப்படி அலுவலை அரைகுறையாய் விட்டு ஓடிவந்த அருமைத் தாய்மாரே! பனி கொட்டும் பட்டணத்திலும் பண் மறவாத பெருமக்களே! அனைவருக்கும் வணக்கம்.

நான் எழுதிய இன்றைய இசைவிழா நிகழ்ச்சிநிரலில் நான்காவது பெயரின்மேல் ஒரு கோடு கிடக்கிறதே, கண்டீர்களா? அது கோண்டாவில் தவமணி அவர்களின் பெயர். அவரும் தங்கை ஜெயமலரும் ஊரிலே இணைந்து பாடியவர்கள். அக்கா ஓரடி எடுப்பார். தங்கை அடுத்த அடி தொடுப்பார். இன்று அக்கா இங்கே ஸ்காபரோவில், மோர்னிங்சைட்டில். தங்கை அங்கே ஊரில், நான்கு மாதமாகக் கடிதம் இல்லை. நேற்றுத் தவமணி தொலைபேசியில் சொன்னார்: "அண்ணை, என்ர பேரை வெட்டிவிடுங்கோ. பாதிப் பாட்டை என்னெண்டு பாடுறது?"

வெட்டினேன். வெட்டியபின் சோறு இறங்கவில்லை. ஆகையால் தந்த தலைப்பை விட்டுவிட்டு வேறொன்று பேசப்போகிறேன். தலைவர் முறைக்கிறார், முறைக்கட்டும்.

என்னோடு பூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்பவர் யானிஸ், லத்விய நாட்டவர். அந்நாட்டின் தலைநகர் ரீகா. அங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை பாட்டுத் திருவிழா நடக்குமாம். நல்லூர்த் தேருக்கு வருகிற சனத்தைப்போல ஒரு கூட்டம் மேடையேறி நின்று ஒன்றாகப் பாடுமாம். என்ன, பின்வரிசை அண்ணை? "அப்ப கேக்கிறது ஆர்?" என்கிறீர்களா? நல்ல கேள்வி! நானும் அதைத்தான் கேட்டேன். மிச்சப் பேர் கீழே நின்று பாடுவார்களாம்.

இந்த ஆண்டு யூலை. யூலை என்றால் நம் நெஞ்சில் வேறொரு நெருப்பு, எண்பத்து மூன்றில் மூட்டியது. அதை இன்று நான் கிளறவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். யானிஸ் எழுந்தார், பெட்டியை மூடினார், பாடினார். பாட்டா அது? ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நாலு சொல் முனகினார், நின்றார். இரண்டு சொல் முனகினார், மறுபடி நின்றார். நான் யார்? சங்கீதப் பரீட்சையில் நாலாந்தரம் சித்தியடைந்தவன்! சும்மா இருப்பேனா? சுருதி சேரவில்லை, மெட்டும் மறந்துபோயிற்று என்று மனிதரைத் திருத்தப் போனேன்.

அவர் கோபிக்கவில்லை. அவர்கள் பாட்டில் எல்லோருக்கும் ஒரே மெட்டு இல்லையாம். பெண்குரலுக்கு ஒன்று, ஆண்குரலுக்கு ஒன்று, தாழ்ந்த குரலுக்கு இன்னொன்று. எல்லாம் சேர்ந்தால்தான் பாட்டு. அவர் பாடியது தாழ்ந்த குரலின் பங்கு. மேலே மெட்டைப் பாடுபவர் அவருடைய தங்கை, ரீகாவில். நாற்பத்து நாலில், போரிலே பிரிந்தவர்கள், நாற்பத்தொரு வருடம்! இங்கே மத்தியானம் என்றால் அங்கே மாலை எட்டு மணி, விழாக் கூட்டம் கடைசிப் பாட்டைப் பாடுகிற நேரம்.

தங்கை பாடுகிறார் என்று உமக்கு எப்படித் தெரியும் என்றேன். கல்நெஞ்சன் கேட்கிற கேள்வி, கேட்டுவிட்டேன். யானிஸ் சொன்னார்: "தெரியாது. அவள் பாடினால், என் பங்கு குறையக்கூடாது."

பெருமக்களே! கண்ணீர்ப் பேச்சு எனக்கு வராது, உள்ளதைச் சொல்கிறேன். பாதிப் பாட்டு என்று ஒன்று உண்டா? உண்டு! பாதிப் பாட்டைப் பாடலாமா? பாடலாம்! பாடாமல் விட்டால் யாருக்கு நட்டம்? அங்கே மற்றப் பாதியை வைத்திருக்கிறவளுக்கு! இது தெரியாமல் பெயரை வெட்டியது என் பிழை. இந்தச் சபையறிய ஒப்புக்கொள்கிறேன்.

தவமணி அவர்களே, மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறீர்கள். தலை குனிய வேண்டாம். வாருங்கள். உங்கள் அடியை நீங்கள் பாடுங்கள். தங்கையின் அடி வரும்போது நிறுத்துங்கள். மிருதங்கம் நவரட்ணம் அவர்களே, அந்த அடிக்கும் தாளத்தை விட்டுவிடாதீர்கள்.

அந்தா, எழும்பிவிட்டார். அன்ரி, காலை மடக்கி வழிவிடுங்கோ.

சபையோரே, ஒரேயொரு வேண்டுகோள். அந்த இடைவெளியில் ஒருவரும் கைதட்ட வேண்டாம். அது ஜெயமலர் பாடுகிற நேரம்.

செவிமடுத்த சான்றோர்க்கு நன்றி. அடுத்து, சகோதரிகள் இருவரும் பாடுவார்கள். வணக்கம்.