பின்னால் நடக்க ஓர் அறை

மட்டாஞ்சேரியிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவளின் நகக்கண்களில் நீல வண்ணம் காய்ந்திருந்தது.

"அண்ணி, இன்னிக்கு நான் எதிர்ச்சுவர் முட்டுற வரைக்கும் பின்னாலயே நடந்தேன்" என்றாள் அவள்.

"வரையறதுக்குன்னு இஞ்சி குடோன்ல அறை எடுத்தது பின்னால நடக்கவா? சாவியைத் திருப்பிக் குடுக்க வைன்னுதான் உங்கண்ணா என்னை அனுப்பினார்."

"வீட்டுல கட்டில் ஓரத்துல கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு வரையறேன். முதுகுக்குப் பின்னாலேயே பீரோ. என் படத்தை ஒரு தடவைகூடத் தள்ளி நின்னு பார்த்ததில்லை. இன்னிக்குத்தான் பார்த்தேன்."

"பார்த்து?"

"எல்லாப் படத்துலயும் தோணியெல்லாம் ஒரே பக்கமாச் சாஞ்சிருக்கு!"

"ஐயோ, அது காத்துன்னுல்ல நெனச்சேன்! வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் விளக்கம் வேற சொல்லியிருக்கேன்டி."

இருவரும் சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"உடனே புதுக் கான்வாஸ் துணியைச் சுவர்ல மாட்டி, நின்னுக்கிட்டு வரைஞ்சேன். தள்ளித் தள்ளிப் போய்ப் பார்த்துத் திருத்தினேன். தோணி நேரா நிக்குது அண்ணி. கடல் இவ்வளவு பெரிசா எனக்கு வந்ததே இல்லை."

அண்ணி எழுந்து கண்டக்டரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சேட்டா, இவிடெ நிறுத்தணே!"

"வீடு இன்னும் வரலையே அண்ணி?"

"வீடு எங்கயும் போயிடாது. முதல்ல திரும்பிப் போய் அந்தப் படத்தைக் காட்டு. உங்கண்ணா சாவியைக் கேட்டா, என்கிட்ட வந்து கேக்கச் சொல்லு. பார்த்துக்கறேன்."