நாக்கு மீன் பாடத்துக்காகச் செல்வாம்பாள் அம்மையாரிடம் பொறுத்தருள வேண்டும் மடல்

பிரெஞ்சுக் கொடி பறந்த நாளிலும் மூவண்ணக் கொடி ஏறிய பின்னும் முகம் மாறாது பாடம் நடத்திய பண்பின் பெட்டகமே! முப்பதாண்டு எங்கள் பள்ளிக்கு உயிராய் விளங்கிய செல்வாம்பாள் அம்மையாரே! வணக்கம்.

பணி நிறைந்து விடைபெறுவோருக்குப் புகழ்மாலை சூட்டுவதே மரபு. எங்கள் அனைவர் சார்பிலும் இம்மடலை எழுதி வாசிக்கும் தலைமையாசிரியர் இராமதாசுக்கோ, புகழத் தொடங்குமுன் தலைகுனிய வேண்டியிருக்கிறது.

உயிரினங்கள் வாழுமிடத்துக்கேற்ப உடலமைந்த விந்தையைத் தாங்கள் புத்தகத்தோடு நிறுத்தியதில்லை. “வூட்ல கேட்டுக்கினு வாங்க” என்றே வகுப்பை முடிப்பீர்கள். எருமை ஏன் சேற்றில் புரள்கிறது என்று சொல்ல மூலக்குளத்து உழவர் கண்ணையன் வகுப்புக்கே வந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில், நான்காம் வகுப்பு சுலோசனாவின் தாய் கொளஞ்சி தேங்காய்த்திட்டு மீனவர் குப்பத்திலிருந்து வந்தார். தவலையில் கடல்நீரும் மணலும், உயிருள்ள நாக்கு மீனும். அன்று கல்வி அதிகாரி வரும் நாள். உதவித் தலைமையாசிரியராயிருந்த இராமதாஸ் வாயிலிலேயே மறித்தார்.

“டீச்சர் வரச் சொன்னாங்க முசியே. பசங்களுக்குக் காட்டிட்டுப் போயிடறேன்” என்று பிரெஞ்சு முறையில் மரியாதையாகவே கேட்டார் கொளஞ்சி.

“மீன் விக்கிற எடமா இது? நாத்தம் கொடலப் பொரட்டுது. எடுத்துக்கினு போ!”

பிள்ளைகள் சிலர் மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள். சன்னலருகே நின்ற சுலோசனா அதைக் கண்டாள். இராமதாஸ் அவர்களை அடக்கவில்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை. மறுநாள் முதல் அவள் பள்ளிக்கு வரவில்லை.

தாங்கள் வெயிலில் மும்முறை தேங்காய்த்திட்டுக்கு நடந்தீர்கள். யார் பெயரையும் சொல்லாமல், “தப்பு எங்க மேலதாம்மா” என்று கைகூப்பினீர்கள். மகளை அனுப்ப இசைந்த கொளஞ்சி, தாம் மட்டும் பள்ளிக்குள் வர மறுத்தார். ஆகவே வகுப்பையே கரைக்கு அழைத்துப் போனீர்கள். பெற்றோரும் சூழ்ந்து நின்றார்கள். தவலையில் விட்ட மீன் நொடியில் மணலோடு மணலாயிற்று.

“ரெண்டு கண்ணும் ஒரே பக்கமா, மேலயே இருக்குது பாருங்க. மண்ணுல பொதஞ்சிக்கினே மேல என்னா வருதுன்னு பாத்துக்கும்” என்றார் கொளஞ்சி.

ஆண்டுதோறும் அப்பாடம் அங்கேயே நடந்தது. இராமதாஸ் எட்டிப் பார்த்ததில்லை. சென்ற மாதம்தான் போய்க் கொளஞ்சியிடம் மன்னிப்புக் கேட்டார்.

“அதான் டீச்சர் அப்பவே கேட்டுட்டாங்களே. நீங்க செஞ்சதுக்கு அவங்க ஏன் கை கூப்பணும்? அத அவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க.”

தங்களிடம் தனியே வந்து சொல்ல அவருக்கு வழியிருந்தது. பலர் பார்க்க இகழ்ந்தவர், பலர் கேட்கவே சொல்லத் துணிந்தார். அம்மையே, பொறுத்தருள்க! அன்று வாய்மூடி நின்ற நாங்களும் எழுந்து நின்று வேண்டுகிறோம்.

நோய் அணுகாது, நூறாண்டும் நிறைவாய் வாழ்க! வரும் செவ்வாயன்று நான்காம் வகுப்பைக் கரைக்கு அழைத்துச் செல்பவர் இராமதாஸ். பிள்ளைகளோடு தாமும் மணலில் அமர்ந்து கொளஞ்சியிடம் பாடம் கேட்பார்.

புதுச்சேரி, 30 செப்டம்பர் 1961
நாணத்தோடும் நன்றியோடும்,
தங்கள் உடனுழைத்த ஆசிரியர்கள்