மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

மஞ்சள் பெயின்டில் நேர்கோடு போடுவது பார்ப்பதற்குத்தான் சுலபம். முதல் தடவை நான் போட்டது பாம்பு போன தடம் மாதிரி வளைந்துவிட்டது. மறுபடியும் நூல் பிடித்து, அடையாளம் வைத்துக்கொண்டு போட்டேன். நீங்கள்தான் போய்ப் பார்த்தீர்களே, ஒரு மயிரிழை பிசகியிருக்காது.

கோடு எதற்கு என்று கேட்டீர்கள். காப்பகம் எங்கள் சபையுடையது. வீடு வாசல் இல்லாதவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வருவார்கள், சாப்பிடுவார்கள், படுத்து எழுந்து காலையில் போய்விடுவார்கள். சாப்பாட்டுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்க ஆரம்பித்ததும், மானியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு விதிகளும் வந்தன. அரசாங்கச் சாப்பாடு போடும் இடத்தில் பிரார்த்தனை கூடாது. பிரார்த்தனைக்கு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அதற்கு வருகிறவர்கள், தங்கள் விருப்பத்தில் வந்ததாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். துறையிலிருந்து ஒருவர் டேப்பும் கையுமாக வந்து கூடத்தை அளந்தார்.

"சாமி இந்தப் பக்கம், சாப்பாடு அந்தப் பக்கம். நடுவுல ஒரு கோடு போட்டுடுங்கம்மா, அது போதும்" என்றார்.

கோடு போடச் சொன்னால் ரோடே போடுகிறவள் நான். கோட்டின் மேலேயே தச்சரை வைத்துப் பலகைத் தடுப்பு எழுப்பி, நடுவில் ஒரு கதவும் வைத்துவிட்டேன். அடுத்த முறை வந்தபோது டேப்காரர் அசந்துபோனார். மற்ற காப்பகங்களுக்கு எங்களைத்தான் உதாரணம் காட்டினாராம்.

அதற்கு முன்னால் தட்டை எதிரில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பிரார்த்தனை செய்வோம். சூப் ஆறிவிடும் என்று நானே அவசர அவசரமாக முடிப்பேன். பிரித்த பிறகு அந்தக் கவலை இல்லை. பிரார்த்தனைக்கென்று தனி அறை, தனி நேரம். அரசாங்கமே பார்த்துக் கொடுத்தது.

கதவுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு அறைக்குத் தெருப்பக்கம் ஒரு கதவு உண்டு. அதைப் பூட்டி, 'பூட்டு பழுது' என்று அட்டை எழுதி மாட்டினேன். பூட்டுக்கு ஒன்றும் இல்லை. ஆக, சாப்பிடப் போக வேண்டுமானால் பிரார்த்தனை அறை வழியாகத்தான் போக வேண்டும். தடுப்புக் கதவின் சாவி என் இடுப்பில். பிரார்த்தனை முடிந்ததும் திறப்பேன். விருப்பமில்லாதவர்கள் வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். ஒருவரையும் நான் கையைப் பிடித்து இழுத்ததில்லை. பஸ்ஸுக்குக்கூடத்தான் காத்திருக்கிறோம், அதைக் கட்டாயம் என்றா சொல்கிறோம்?

பெஞ்சில் முதலில் உட்கார்ந்தவர் கடிகாரக்காரர். நாற்பது வருடம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். கண் மங்கிக் கடை போனது, கடை போய் வீடு போனது. நாக்கு மட்டும் மங்கவேயில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

"உள்ள வாங்கய்யா. பத்து நிமிஷம்தானே?"

"எனக்கு நம்பிக்கை இல்லம்மா. இல்லாததை இருக்குன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டா அது உங்க சாமிக்கே அடுக்காது."

"பசி அடங்க வேணாமா?"

"சாப்பாடு அரசாங்கம் போடுது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கலன்னு சொல்வாங்களே, அது இதுதான் போல" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். நல்ல பேச்சை ரசிக்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் மறுநாள் பெஞ்சில் மூன்று பேர். வாரக் கடைசியில் ஒன்பது பேர். பதினாறு வருடமாக நான் நிரப்பி வைத்திருந்த அறையில் ஓட்டை விழுந்தது. வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. பிரார்த்தனையைக் கொஞ்சம் நீட்டினேன். இருபது நிமிடம், அரை மணி, முக்கால் மணி. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? எட்டுப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். அவர் மட்டும் வரவில்லை.

அவருக்குச் சர்க்கரை வியாதி. ஆறு மணிக்கு அரசாங்க நர்ஸ் வந்து அந்தப் பெஞ்சிலேயே ஊசி போடுவாள். சின்னப் பெண், கெட்டிக்காரி. "ஊசி போட்ட அரை மணிக்குள்ள அவர் சாப்பிட்டாகணும்மா. இல்லன்னா சர்க்கரை மளமளன்னு இறங்கிடும். உயிருக்கே ஆபத்து" என்று சொல்லி, என்னையும் திருப்பிச் சொல்ல வைத்தாள். திருப்பிச் சொன்னேன்.

அவரிடம் ஒரு தகர டப்பா இருந்தது. பிரார்த்தனை நீண்டால் அதிலிருந்து இரண்டு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். செவ்வாய்க்கிழமை மாலை அவர் வந்ததும் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டேன். வெளித் தின்பண்டம் கூடாது, எறும்பு வரும் என்றேன். அதுவும் விதிதான், சுவரில் ஒட்டியிருக்கிறது.

"சாப்பாட்டைச் சீக்கிரம் போட்டுடுவீங்கல்லம்மா?" என்று கேட்டபடியே கொடுத்தார்.

"போட்டுடுவேன்யா" என்றேன்.

அன்று ஆறு மணிக்கு ஊசி போட்டார்கள். ஆறே முக்காலுக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. இடது பையைத் தடவினார், வலது பையைத் தடவினார், மறுபடி இடது பை. டப்பா என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் இன்னொரு பாட்டு அறிவித்தேன். ஆறு சரணம், எனக்கு மனப்பாடம்.

மூன்றாம் சரணத்தில் அவர் உள்ளே வந்தார். ஆமாம், அவராகவே. சுவரைப் பிடித்துக்கொண்டு தடுப்புக் கதவை நோக்கி வந்தவர், கோட்டுக்கு ஓர் அடி முன்னால் மண்டியிட்டார். பாட்டு நின்றுவிட்டது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பதினாறு வருடத்தில் அப்படி ஒரு நிமிடம் வாய்த்ததில்லை. தலையில் கை வைத்தேன். தலை நனைந்திருந்தது. உதடு அசைந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம், பலகை இடுக்கு வழியாகப் பார்த்துவிட்ட சமையல்கார அக்கா கதவைத் தட்டினாள். "பொறுப்பம்மா, கதவத் திறங்க! அவருக்குச் சர்க்கரை இறங்குது, கரண்டியில கரைச்சு வெச்சிருக்கேன்!"

மீதி மூன்று சரணங்களையும் முடித்தேன். பாதியில் விட்டால் பாட்டுக்கு மரியாதை இல்லை.

பிறகு பதிவேடு. பிரார்த்தனைக்கு வந்தவர் கையெழுத்து வைக்காமல் கோட்டைத் தாண்டக் கூடாது. இது உங்கள் விதி, என்னுடையதல்ல. குண்டூசி முனையளவு திருகாணியைப் பிடித்த விரல்கள், பேனாவைப் பிடிக்க மறுத்தன. கீழே சாய்ந்துவிட்டார். பெருவிரலை மையில் தோய்த்து நானே ஒற்றி எடுத்தேன். ரேகை தெளிவாக விழவில்லை. இன்னொரு முறை ஒற்றினேன். அதன் பிறகு சாவியை எடுத்தேன்.

சமையல்கார அக்கா ஊட்டிய சர்க்கரைத் தண்ணீர் கடைவாயில் வழிந்துவிட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். டப்பாவை நான் எடுத்தது உண்மை. அரை மணிக் கணக்கு எனக்குத் தெரியும் என்பதும் உண்மை. பூட்டு பழுதில்லை. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. அவரைக் கொன்றது நான்தான் என்று எழுத வேண்டுமா, எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த ரேகையை மட்டும் செல்லாது என்று அடித்துவிடாதீர்கள். நாற்பது பேர் சாட்சி இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அவர் தன் விருப்பத்தில்தான் வந்தார்.