பதினாலு மேஜை

லலிதாம்பாள்: ஏன்னா, லைசென்ஸ்தான் நேத்தே வந்துடுத்தே!

பட்டாபி: எங்கே வந்தது?

லலிதாம்பாள்: போன்ல. பட்டனை அமுக்கினேன்... ஒரு நிமிஷம். வந்துடுத்து. பேப்பர்லயும் பிரிண்ட் எடுத்து வச்சுட்டேன்.

பட்டாபி: ஒரு நிமிஷத்துல வந்தா அதுக்குப் பேர் லைசென்ஸா? முப்பத்திரண்டு வருஷம் அந்த லைசென்ஸ் ஆபீஸ்ல குப்பை கொட்டியிருக்கேன். ஒரு லைசென்ஸுக்குப் பதினாலு மேஜை, தெரியுமோ?

லலிதாம்பாள்: அதெல்லாம் மாத்திட்டா. இனிமே நாமளே எழுதிக் குடுத்தா போறும்.

பட்டாபி: யாரு வந்து பாத்தா?

லலிதாம்பாள்: யாரும் பாக்கலை.

பட்டாபி: யாரும் பாக்காம நீ வடாம் விக்கப் போறயா?

லலிதாம்பாள்: பதினெட்டு வருஷமா கரமனைத் தெருவுக்கே இனாமாப் பிழிஞ்சு குடுத்தேனே, அப்ப யார் பாத்தா? என் பேர் போட்டு ஒரு வடாம் கவர் வெளியில போகணும். அவ்வளவுதான் ஆசை.

பட்டாபி: சரி, சரி... அழாதே.

லலிதாம்பாள்: யார் அழறா? விழிஞ்ஞம் துறைமுகத்துல கேன்டீன் நடத்தறாரே யோசுவா, நாலு மணிக்கு வரார். மாசம் அம்பது கிலோ. பேப்பரைப் பாத்துட்டுதான் ஆர்டர்.

பட்டாபி: சீல் கேப்பான்.

லலிதாம்பாள்: போன்லயே கேட்டுட்டார். 'சீலில்லாத பேப்பரா சேச்சி?'ன்னார்.

பட்டாபி: விவரமான மனுஷன்.

லலிதாம்பாள்: அதிருக்கட்டும். கறிகாய் வாங்கப் போனேளே, பை ஏன் காலியா இருக்கு?

பட்டாபி: அது வந்து... ஆபீஸுக்குப் போனேன்.

லலிதாம்பாள்: ரிட்டயர் ஆயி ஆறு வருஷமாச்சே!

பட்டாபி: உனக்காகத்தான். ஒரு சீல் போட்டுண்டு வரலாமேன்னு... பதினாலு மேஜையில ரெண்டுதான் பாக்கி. ஆர்யான்னு ஒரு பொண்ணு இருந்தா. 'சாரே, இப்ப சீலே கிடையாது'ங்கறா.

லலிதாம்பாள்: அப்பறம்?

பட்டாபி: அதையே எழுதிக் குடும்மான்னேன். 'சீல் தேவையில்லை'ன்னு எழுதிக் குடுத்தா. இதோ.

லலிதாம்பாள்: அடடே, இது போறுமே!

பட்டாபி: எப்படிப் போறும்? இதுல சீல் இல்லையே.

லலிதாம்பாள்: ...ஏன்னா. யோசுவா நாலு மணிக்கு வரமாட்டார்.

பட்டாபி: ஏன், வேண்டாம்னுட்டானா?

லலிதாம்பாள்: பதினோரு மணிக்கே வந்துட்டார். பேப்பர்ல சீல் அடிச்சுக் காமிச்சேன். ஆர்டர் குடுத்துட்டார்.

பட்டாபி: ஏது சீல்?

லலிதாம்பாள்: உங்க டிராயர்ல இருந்ததே... பஜனை கமிட்டி சீல்.

பட்டாபி: ராமா! அதுல ஜால்ரா படம் இருக்குமேடி!

லலிதாம்பாள்: இருந்தது. அவர் வட்டமா இருக்கான்னு மட்டும்தான் பாத்தார். நாளைக்கு யாராவது படிச்சுட்டா என்னன்னா பண்றது?

பட்டாபி: பயப்படாதே, யாரும் படிக்கமாட்டா. முப்பத்திரண்டு வருஷம் சீல் அடிச்சேனே... நான் ஒண்ணையாவது படிச்சேனா?